தற்காலிகப் பதிவிலிருந்து நிரந்தரப் பணி வரை: சாட்ஸ்வொர்த் கணித ஆசிரியை ஒருவரின் 32 மாதங்கள்

டர்பன் பக்கம் ஒரு பிள்ளை பள்ளிக்கூட வேலைக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "பெர்மனென்ட் ஆயிட்டியாமா?" என்பதுதான். கேட்பவர்கள் ஒன்றைத்தான் கேட்பதாக நினைக்கிறார்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றமான சேஸ் கொடுக்கிற பதிவு முழுப் பதிவா, தற்காலிகப் பதிவா என்பது ஒன்று. மாகாணக் கல்வித்துறையின் சம்பளப் பட்டியலில் நிரந்தரப் பணியிடம் கிடைத்ததா என்பது இன்னொன்று. முதலாவது 2000-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் சேஸ் சட்டத்தின்கீழ் வருகிறது. இரண்டாவது 1998-ஆம் ஆண்டின் 76-ஆம் எண் கல்வியாளர் பணியமர்த்தல் சட்டத்தின்கீழ் வருகிறது. அலுவலகங்கள் வேறு, கேட்கும் தாள்கள் வேறு. ஒன்றில் முன்னேறினால் மற்றதிலும் தானாக முன்னேறிவிடுவோம் என்று நம்பித்தான் பல இளைஞர்கள் ஆண்டுகளை இழக்கிறார்கள்.

கீழே வருவது ஒரே ஆளின் வரலாறு அல்ல. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் புதிதாகப் பணிக்கு வருவோருக்குத் திரும்பத் திரும்ப நேர்கிற நிலைகளை ஒருவர்மேல் ஏற்றி அமைத்த நிகழ்வு. சட்டங்களும் விதிகளும் உள்ளபடியே.

தொடக்க நிலை

23 வயதுப் பெண். மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டம், கணிதம் மூன்றாம் ஆண்டு வரை, வேதியியல் இரண்டாம் ஆண்டு வரை. ஆசிரியப் பயிற்சி இல்லை. நான்காண்டு பி.எட். படித்திருந்தால் பட்டத்தோடு பயிற்சியும் முடிந்திருக்கும். பட்டம் மட்டும் உள்ளவருக்கு அதற்கு மேல் பி.ஜி.சி.இ. எனப்படும் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அது 120 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. இவர் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் இரண்டு ஆண்டில் முடிப்பதென்று சேர்ந்தார்.

அந்த ஜனவரியில் சாட்ஸ்வொர்த்திலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் 8, 9-ஆம் வகுப்புக் கணிதத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பள்ளி நிர்வாகக் குழு, அதாவது எஸ்.ஜி.பி., தன் சொந்தப் பணத்தில் இவரை எடுத்துக்கொண்டது. 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம், 20-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எஸ்.ஜி.பி. வேலை என்பதால் சேஸ் பதிவு தேவையில்லை என்று பள்ளியும் நினைத்தது, இவரும் நினைத்தார். அது தவறு. சேஸ் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பதிவு இல்லாத எவரையும் எந்த முதலாளியும் ஆசிரியராக வேலைக்கு வைக்கக் கூடாது. சம்பளம் அரசு கொடுத்தாலும், எஸ்.ஜி.பி. கொடுத்தாலும், தனியார் பள்ளி கொடுத்தாலும் விதி ஒன்றுதான்.

எந்தத் தாளை முதலில் கேட்பது

பயிற்சி முடியாதவர்களுக்கு சேஸ் தற்காலிகப் பதிவு தருகிறது. பி.ஜி.சி.இ.யில் சேர்ந்திருப்பதற்கான அத்தாட்சி, பட்டச் சான்று, பாடவாரியான மதிப்பெண் பட்டியல், மேட்ரிக் எனப்படும் பள்ளியிறுதிச் சான்று, அடையாள அட்டை, காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவை வேண்டும். 2019 முதல் காவல்துறைச் சான்று இல்லாமல் விண்ணப்பம் நகராது.

இவர் மற்றவற்றை எல்லாம் ஒரே வாரத்தில் சேர்த்துவிட்டு, காவல்துறைச் சான்றைக் கடைசிக்கு விட்டார். அங்கேதான் முதல் அடி. பத்து விரல் ரேகையும் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 91(ஏ) படிவத்தில் எடுத்துப் பிரிட்டோரியாவுக்குப் போக வேண்டும். ரேகை கலங்கியிருந்தால் திரும்பி வரும். இவருடையது ஒருமுறை திரும்பி வந்தது. ஆக மொத்தம் ஏழு வாரம். முதலில் கேட்க வேண்டியது இந்தச் சான்றைத்தான். அது வருகிற இடைவெளியில் மற்றவற்றைச் சேர்த்துவிடலாம். ஆனால் ரொம்ப முன்னதாகவும் எடுக்கக் கூடாது, சான்று 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் சேஸ் ஏற்காது.

இதோடு பள்ளிகள் கேட்கிற இன்னும் இரண்டு தாள்கள் உண்டு. குழந்தைகள் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் தன் பெயர் இல்லை என்பதற்கு விண்ணப்பதாரரே அனுப்பும் 30-ஆம் படிவம் ஒன்று. அதையே முதலாளி விசாரிப்பதானால் 29-ஆம் படிவம். பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டுக்கு 8-ஆம் படிவம் இன்னொன்று. முன்னது சமூக நலத்துறைக்குப் போகிறது, பின்னது நீதித்துறைக்கு. காவல்துறைச் சான்று இருந்தால் இவை வேண்டாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். காவல்துறையினுடையதையும் சேர்த்து அவை மூன்று தனித்தனிப் பதிவேடுகள். ஒன்றில் இல்லாத பெயர் இன்னொன்றில் இருக்கலாம், குழந்தைகள் முன்னால் நிற்கப் போகிறவரிடம் மூன்றையும் கேட்பதுதான் நியாயம்.

பெயர்

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1860-க்குப் பிறகு மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒன்று தனியாக இருக்கவில்லை. ஆளின் பெயர், அப்பாவின் பெயர், ஊர் என்றுதான் எழுதினார்கள். பின்னால் தாத்தாவின் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராகிவிட்டது. எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி எழுத்தும் மாறியது. ஒரே வீட்டில் அண்ணன் நாயுடு, தம்பி நைடு என்ற அளவுக்கு ஆங்கில எழுத்து வேறுபடுவது இன்றும் உண்டு.

இவருடைய பிறப்புச் சான்றில் நடுப்பெயர் ஒரு எழுத்தோடு இருந்தது, பட்டத்தில் இன்னொரு எழுத்தோடு. முதல் ஆண்டு ஆகஸ்டில் கல்யாணம் ஆனதும் அடையாள அட்டையில் குடும்பப் பெயரும் மாறியது. ஆக, காவல்துறைச் சான்று பழைய பெயரில், பட்டம் பழைய பெயரில் வேறு எழுத்தில், அடையாள அட்டை புதுப் பெயரில். இது பதிவுக் கடிதத்தையும், பெர்சல் எனப்படும் அரசுச் சம்பள அமைப்பையும், வங்கிக் கணக்கையும் ஒருசேரத் தாக்கியது. பெர்சலில் ஒரு பெயர், இசட்56 வங்கிப் படிவத்தில் வேறு பெயர் என்றால் பணம் இறங்காது.

தீர்வு எளிது, முன்கூட்டியே செய்தால். கல்யாணச் சான்றின் சான்றொப்பமிட்ட நகல் ஒன்று, இரண்டு எழுத்துகளும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்ட பிரமாணம் ஒன்று. இந்த இரண்டையும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் சேர்த்தே கொடுக்க வேண்டும், கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெயரை மாற்றுவதாக இருந்தால், முழுப் பதிவு கையில் வந்த பிறகு மாற்றுவது பாதி அலைச்சலைக் குறைக்கும். பழைய பெயரையே வைத்துக்கொள்வதும் சட்டப்படி சரிதான். அதைச் சொல்லித் தர வீட்டில் ஆள் இருப்பதில்லை.

கடிதத்தில் உள்ள கடைசித் தேதி

தற்காலிகப் பதிவுக் கடிதத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். இவர் பதிவு எண்ணை மனப்பாடம் செய்திருந்தார், தேதியைப் பார்க்கவில்லை. இரண்டாம் ஆண்டு மார்ச் கடைசியில் அது முடிந்தது. ஏப்ரலில் நீண்ட நாள் நோய் விடுப்பில் போன ஓர் ஆசிரியருக்குப் பதிலாகத் துறைச் சம்பளத்தில் இவரை நியமிக்கப் பள்ளி படிவம் அனுப்பியது. அது "பதிவு செல்லாது" என்று திரும்பி வந்தது. பள்ளி எஸ்.ஜி.பி. வேலையிலும் வைத்துக்கொள்ள முடியாத நிலை. ஐந்து வாரம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தார். அந்தத் துறை இடம் வேறொருவருக்குப் போயிற்று.

புதுப்பிக்க அவரிடம் கேட்டவை: அந்த ஆண்டின் பி.ஜி.சி.இ. சேர்க்கை அத்தாட்சி, போன ஆண்டுத் தேர்வு முடிவு, புதிய காவல்துறைச் சான்று. மூன்றாவது இல்லாமல்தான் ஐந்து வாரம். கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ரேகை கொடுக்கப் போயிருக்க வேண்டும். தற்காலிகப் பதிவு என்பது படிப்பைத் தொடர்கிறவருக்குக் கொடுக்கிற அவகாசம். பாடத்தில் தோற்றாலோ சேர்க்கையை நிறுத்தினாலோ நீட்டிக்கக் காரணம் இல்லாமல் போகும்.

பயிற்சி வாரங்கள்

ஆசிரியக் கல்விக்கான குறைந்தபட்சத் தேவைகள் பற்றிய கொள்கைப்படி முழுநேர பி.ஜி.சி.இ.யில் பள்ளியிலான பயிற்சி 8 முதல் 12 வாரம்; நான்காண்டு பி.எட்.டில் 20 முதல் 32 வாரம். ஏற்கெனவே வகுப்பில் நிற்பவருக்கு இது சும்மா கிடைத்துவிடும் என்று தோன்றும். இவருக்கும் தோன்றியது.

சேர்ந்திருந்தது மேல்நிலையும் எஃப்.இ.டி.யும் சேர்ந்த பிரிவு. மேல்நிலை என்றால் 7 முதல் 9, எஃப்.இ.டி. என்றால் 10 முதல் 12. இவர் கையில் இருந்ததோ 8-ம் 9-ம் மட்டும். பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக் காட்டாமல் பயிற்சிப் பதிவேடு நிறையாது. மேலும், வழிகாட்டியாகக் கையெழுத்திட்ட பள்ளியின் பாடத்துறைத் தலைவர், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த 'இயற்பியல் அறிவியல்' பாடத்துக்காரர். கணித வகுப்பைக் கணித ஆசிரியர்தான் மதிப்பிட வேண்டும் என்று பல்கலை மூன்று வாரத்துப் பதிவுகளைத் திருப்பி அனுப்பியது. அந்த மூன்று வாரத்தையும் அடுத்த தவணையில் திரும்பச் செய்தார். சேரும்போதே தலைமையாசிரியரிடம் போய், "சார், எனக்குப் பத்தாம் வகுப்பில் ஒரு செக்‌ஷன் வேண்டும், கணிதம் எடுக்கும் ஒருவர் என் வகுப்பைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இடையில் பள்ளி இவரை இயற்பியல் அறிவியலும் எடுக்கச் சொன்னது. இயற்பியல் முதல் ஆண்டுக்கு மேல் படிக்காதவர். அதில் எத்தனை ஆண்டு நின்றாலும் அந்தப் பாடத்துக்குத் தகுதியுடையவர் என்று தாளில் ஏறாது, கணிதப் பணியிடத்துக்கான அனுபவமாகவும் நிற்காது. புதியவர் 'முடியாது' என்று சொல்வது கடினம் என்பது தெரியும். குறைந்தது கணிதப் பாடவேளைகள் பாதிக்கு மேல் இருக்கும்படி கேட்டு வாங்க வேண்டும்.

எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்

இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஒரே பள்ளியில், ஒரே ஓய்வறையில், மூன்று வகையான 'தற்காலிகம்' இருக்கின்றன.

எஸ்.ஜி.பி. இடம்: முதலாளி பள்ளிக் குழு. எத்தனை ஆண்டு இருந்தாலும் துறையின் நிரந்தரப் பட்டியலுக்கு மாற்ற வழி இல்லை, ஏனென்றால் அது துறையின் இடமே அல்ல. பதிலாள் இடம்: முதலாளி துறை, பெர்சல் எண் உண்டு, ஆனால் அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரர் விடுப்பில் இருக்கிறார்; மகப்பேறு என்றால் நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார். காலி இடம்: ஒருவர் ஓய்வு பெற்றோ விலகியோ மாற்றலாகியோ போன, பள்ளியின் ஆண்டுப் பணியிட ஒதுக்கீட்டில் உள்ள இடம். நிரந்தரமாக்க முடிவது இந்த மூன்றாவதை மட்டும்தான்.

1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6பி பிரிவு, மாகாணக் கல்வித்துறையின் தலைவர் பள்ளி நிர்வாகக் குழுவோடு கலந்தாலோசித்துவிட்டு, அதன் பரிந்துரை இல்லாமலே, அப்படி ஓர் இடத்தில் உள்ள தற்காலிக நியமனத்தை அதே இடத்தில் நிரந்தரமாக்கலாம் என்கிறது. கல்வித் தொழிலுறவு மன்றத்தின் 2018-ஆம் ஆண்டு 4-ஆம் எண் கூட்டு ஒப்பந்தம் இதற்கான நடைமுறையை வகுத்தது: முதல் நிலை (சாதாரண வகுப்பாசிரியர்) பணியிடம், காலியான இடம், தொடர்ந்து 3 மாதப் பணி, தொழில்முறைத் தகுதி, சேஸ் பதிவு.

இவருடைய முதல் ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரையிலான துறைப் பணி ஒரு மகப்பேறு விடுப்புக்கான பதிலாள் இடம். நான்கு மாதம் ஆகிவிட்டதே, மூன்று மாதம் போதுமே என்று கேட்டார். இடம் காலி இல்லை என்பதுதான் பதில். நியமனக் கடிதத்தில் 'பதிலாக' என்று ஒரு சொல்லும், விடுப்பில் உள்ளவரின் பெர்சல் எண்ணும் இருந்தன. அதைப் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டாம் ஆண்டு டிசம்பரில் பி.ஜி.சி.இ. முடிந்தது. ஃபீனிக்ஸில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு முதலில் மாவட்டத்தில் உபரியாக நிற்கும் நிரந்தர ஆசிரியர்கள் யாராவது பொருந்துகிறார்களா என்று பார்ப்பார்கள். ஃபூன்ஸா லுஷாகா என்ற அரசு ஆசிரியப் படிப்பு உதவித்தொகையில் படித்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு, அவர்கள் பெற்ற ஒவ்வோர் ஆண்டு உதவிக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டியவர்கள் என்பதால். இந்த முறை எவரும் பொருந்தவில்லை. பிப்ரவரியில் இவர் பொறுப்பேற்றார், தற்காலிகமாக, ஆனால் காலி இடத்தில்.

சாட்ஸ்வொர்த் உம்லாசி மாவட்டத்தில் வருகிறது, ஃபீனிக்ஸ் பைன்டவுன் மாவட்டத்தில். பழைய கோப்பு பழைய மாவட்டத்தில் இருந்தது. பெர்சல் எண் ஒருவருக்கு ஒன்றுதான். புதிதாக இன்னொன்று உருவாக்கிவிட்டால் பணிக்காலம் இரண்டாக உடையும். இவர் பழைய சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி அந்த எண்ணையே மீண்டும் உயிர்ப்பிக்கச் செய்தார். இந்த ஒன்றை அவர் சரியாகச் செய்தார்.

சான்றிதழ் நிற்கிறது

ஏப்ரல் கடைசியில் மூன்று மாதம் நிறைந்தது. நிரந்தரமாக்க எல்லாம் இருந்தது, முழுப் பதிவைத் தவிர. முழுப் பதிவுக்குப் பி.ஜி.சி.இ. சான்று வேண்டும். கட்டணப் பாக்கி இருந்ததால் பல்கலை சான்றை நிறுத்தி வைத்திருந்தது. பாக்கி பெரிய தொகை அல்ல. ஐந்து வாரம் சம்பளம் இல்லாமல் போன ஆண்டின் மிச்சம் அது. தொடக்கத்தில் தேதி பார்க்காத ஒரு கடிதம் இவ்வளவு தூரம் வந்து காலை வாரியது.

பாக்கியைத் தவணையாகக் கட்டுவதற்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டு, பாடநெறி முடித்ததற்கான கடிதத்தையும் முழு மதிப்பெண் பட்டியலையும் முதலில் வாங்குவது ஒரு வழி. இவர் குடும்பம் மே மாதம் பாக்கியைக் கட்டிவிட்டது. சான்று வந்தது. ஜூனில் சேஸ் முழுப் பதிவு கொடுத்தது. தொடங்கிய ஜனவரியிலிருந்து முப்பதாவது மாதம். காவல்துறைச் சான்று, பெயர், காலாவதி, திருப்பி அனுப்பிய மூன்று வாரம், கட்டணப் பாக்கி ஆகியவற்றைக் கழித்தால் இது மூன்றாம் ஆண்டு ஜனவரி கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

முழுப் பதிவு வந்ததும் துறைக்குத் தானாகத் தெரிந்துவிடாது. ஆர்.இ.க்யூ.வி. எனப்படும் தகுதி மதிப்பு எண்ணை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மேட்ரிக் மட்டும் என்றால் ஆர்.இ.க்யூ.வி. 10, பட்டமும் பி.ஜி.சி.இ.யும் சேர்ந்தால் 14. இவர் பெர்சலில் இன்னும் தொழில்முறைத் தகுதி இல்லாதவராகவே இருந்தார், சம்பளமும் அப்படியே. சான்றின் நகலும், சேஸ் முழுப் பதிவுக் கடிதமும், தலைமையாசிரியரின் முகப்புக் கடிதமும் சேர்த்து மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, தன் பிரதியில் தேதி முத்திரை வாங்கினார். முத்திரை இல்லாத பிரதிக்கு மதிப்பு இல்லை. கோப்பு தொலைந்தால் அதுதான் சாட்சி.

தமிழ் ஆசிரியர் என்றால்

இதே பாதையில் தமிழ் கற்பிக்க வருபவருக்கு இன்னொரு சுவர் நிற்கிறது. தமிழ் இரண்டாம் கூடுதல் மொழியாகப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் பி.ஜி.சி.இ.யில் ஒரு பாடத்தைக் கற்பிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க, பட்டத்தில் அந்தப் பாடத்தை ஆழமாகப் படித்திருக்க வேண்டும். இங்கே தமிழைப் பட்டப் பாடமாகப் படிக்க வழி அடைபட்டுப் போன நிலையில், பாட்டியிடமும் கோயில் தமிழ் வகுப்பிலும் கற்ற தமிழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தாளில் ஏறாது. இதைச் சொல்ல மனம் வலிக்கிறது, ஆனாலும் புதியவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நடைமுறையில் இருப்பது இரண்டு வழி. வேறு ஒரு பாடத்தில், கணிதமோ ஆங்கிலமோ வரலாறோ, முழுத் தகுதி பெற்று அந்தப் பணியிடத்தில் நிரந்தரமாகி, தமிழைக் கூடுதல் பாடவேளையாக எடுப்பது ஒன்று. தமிழ்நாட்டில் பெற்ற தமிழ்ப் பட்டத்தை சாக்வா என்கிற தகுதி ஆணையத்தில் மதிப்பிட்டு, பிறகு உயர்கல்வித் துறையில் ஆசிரியப் பணிக்கான மதிப்பீடும் வாங்குவது மற்றொன்று. இரண்டாவது நீண்டது, மதிப்பீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். முதல் வழியில் போகிறவர்கள்தான் பள்ளியில் தமிழை நிற்க வைக்கிறார்கள்.

கடைசித் தாள்கள்

ஜூலையில் நிரந்தரமாக்கும் படிவத்தில் கையெழுத்தானது. ஆகஸ்டில் உத்தரவு வந்தது, செப்டம்பரில் சம்பளச் சீட்டு. உத்தரவைவிடச் சீட்டைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் நான்கு இடம்: நியமன வகை 'நிரந்தரம்' என்று மாறியிருக்கிறதா, ஆர்.இ.க்யூ.வி. 14 ஆகியிருக்கிறதா, அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு 7.5 சதவீதம் பிடித்தம் தொடங்கியிருக்கிறதா, சேஸ் சந்தா பிடிக்கிறதா. இவருடைய சீட்டில் மூன்று சரியாக இருந்தன. தகுதி எண் பழையபடியே இருந்தது. முத்திரையிட்ட பிரதி அன்றைக்குப் பயன்பட்டது. அக்டோபரில் எண் மாறி, நிலுவையும் வந்தது.

இனி இவருக்கு சேஸின் தொடர் தொழில் வளர்ச்சிக் கணக்கு ஓடத் தொடங்குகிறது. மூன்று ஆண்டில் 150 புள்ளி. தானாகச் செய்வது, பள்ளி நடத்துவது, வெளியார் நடத்துவது என்று மூன்று வகையிலும் சேர்க்கலாம். சேஸ் இணையக் கணக்கில் ஒவ்வொன்றையும் நடந்த வாரத்திலேயே பதிந்துவிட வேண்டும். முதல் பதிவாக இவர் ஏற்றியது, ஃபீனிக்ஸ் பள்ளியில் கணித ஆசிரியர்கள் கூடி ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத் தவறுகளை அலசிய இரண்டு மணிநேரக் கூட்டம்.